ஜப்பானில் பள்ளிச் சுற்றுலா: பரிமாற்ற மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானுக்குப் படிக்கப் போகிறீர்களா? பள்ளி நாட்காட்டி கைக்கு வந்ததும் அதில் முதலில் தேட வேண்டியது ஒன்றுதான்: ஷூகாகு ரியோகோ. ஒரே ஆண்டில் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் ஆசிரியர்களோடு வெளியூர் போய்த் தங்கிவரும் சுற்றுலா அது. உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டில், நம் கணக்கில் பதினொன்றாம் வகுப்பில் வரும். மூன்று இரவு, நான்கு பகல் என்பது வழக்கமான அளவு. கியோத்தோ, நாரா, ஹிரோஷிமா, நாகசாகி, ஒகினாவா, ஹொக்கைதோ ஆகியவை அடிக்கடி தேர்வாகும் இடங்கள்.

மாதக்கணக்கில் ஒரே வகுப்பில் உட்கார்ந்தும் நாலு பேரோடு மனம்விட்டுப் பேச முடியாமல் தவிக்கிற பரிமாற்ற மாணவர்கள் நிறையப் பேர். இந்தச் சுற்றுலா முடிந்து வரும்போது அவர்களில் பலருக்கு வகுப்பில் ஓர் இடம் கிடைத்திருக்கும். ஆனால் அது தானாக நடப்பதில்லை. சுற்றுலாவின் பாதி, கிளம்புவதற்கு முன்பே வகுப்பறையில் நடந்து முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியில் கலந்துகொள்ளாதவர் பயணத்தில் வேடிக்கை பார்ப்பவராகத்தான் இருப்பார். அதனால்தான் இங்கே ஊர்களைவிட முன்வேலைகளைப் பற்றி அதிகம் எழுதுகிறேன்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது விடுமுறைப் பயணம் அல்ல. பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. இதன் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1886இல் தோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிபா மாவட்டத்தின் சோஷிவரை அணிவகுத்து நடந்துபோன நெடும்பயணம். பயிற்சியும் படிப்பும் கலந்த நடை அது. 1959இல் பள்ளிச் சுற்றுலாவுக்கென்றே 'ஹினோதே', 'கிபோ' என்ற தனி ரயில்கள் ஓடத் தொடங்கின. இன்று ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் போனாலும் வரிசை, தலையெண்ணிக்கை, நேரம் தவறாமை என்ற பழைய ஒழுங்கு அப்படியே இருக்கிறது. இது தெரிந்தால் ஆசிரியர்கள் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள் என்ற குழப்பம் வராது.

பெயர் கொடுப்பது, பணம், காகிதங்கள்

பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சுற்றுலா எந்த மாதம்? நானும் வரலாமா? பணம் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும்? கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் ரயில் இருக்கை, அறைப் பங்கீடு எல்லாம் முடிவாகிவிடும். அதன்பின் ஓர் ஆளைச் சேர்ப்பது பள்ளிக்கே சிரமம். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் போகிற பள்ளிகள் ஏராளம். ஆகஸ்டில் போய்ச் சேருகிறவருக்கு அப்படியானால் கையில் இருப்பது சில மாதங்கள்தான். உங்களை முதலாம் ஆண்டு வகுப்பில் சேர்த்திருந்தால், இரண்டாம் ஆண்டு மாணவர்களோடு போக வழி உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஜப்பானிய மாணவர்களின் பெற்றோர் இந்தச் செலவுக்காக முதலாம் ஆண்டிலிருந்தே மாதாமாதம் பணம் கட்டி வந்திருப்பார்கள். உங்களுக்கு அது ஒரே தவணையாக வந்து நிற்கும். உள்நாட்டுச் சுற்றுலாவுக்கே ஒரு லட்சம் யென்னை ஒட்டிய தொகை சாதாரணம். ஏஎஃப்எஸ், ரோட்டரி, 2018இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் தொடங்கிய ஆசியா காகெஹாஷி என்று எந்தத் திட்டத்தில் போனாலும், இந்தச் செலவை யார் ஏற்பது என்பதை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் தங்கும் ஹோஸ்ட் குடும்பம் கட்டிவிடும் என்று நினைத்துக்கொண்டு போகவே கூடாது. வெளியூரில் இரவு தங்குவதற்கு உங்களை அனுப்பிய அமைப்பின் அனுமதியும் தேவைப்படலாம். பள்ளிப் படிவத்தில் ஹோஸ்ட் அம்மா கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சில பள்ளிகள் தைவான், கொரியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுக்கும் போகும். அங்கே ஜப்பானியக் கடவுச்சீட்டுக்கு வேண்டாத விசா இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வேண்டியிருக்கலாம். பள்ளிக்கு இது பெரும்பாலும் தோன்றாது. நீங்களே முதலில் எழுப்ப வேண்டிய விஷயம் இது, அதுவும் மாதக்கணக்கில் முன்கூட்டியே. ஜப்பானுக்குத் திரும்பி நுழைவதற்கான ஏற்பாட்டையும் அப்போதே விசாரித்து விடுங்கள்.

உள்நாட்டில் போனாலும் 16 வயது நிறைந்த வெளிநாட்டவர் வசிப்பிட அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பெட்டிக்குள் வைக்காதீர்கள், பெட்டி தனியாகப் போகும், அதைப் பின்னால் சொல்கிறேன். மருத்துவக் காப்பீட்டுச் சான்றின் நகலைப் பள்ளி கேட்கும்போது, உங்கள் அமைப்பு எடுத்திருக்கும் காப்பீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

சாப்பாட்டுப் படிவம்

வருகிற படிவங்களிலேயே நம்மவர்களுக்கு முக்கியமானது ஒவ்வாமையும் உணவுக் கட்டுப்பாடும் கேட்கும் தாள். நிலக்கடலை, பக்வீட், முட்டை, இறால் என்று பெயர் பெயராகக் கேட்டிருக்கும். சைவம், ஹலால், மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்பதற்கெல்லாம் பெரும்பாலும் கட்டம் இருக்காது. கட்டம் இல்லையே என்று காலியாக விட்டுவிட்டால், நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரேபோல் தட்டு வைக்கும் கூடத்தில் உங்கள் முன்னாலும் அதே தட்டுதான் வரும். கடைசி நேரத்தில் சமையலறையால் ஒன்றும் செய்ய முடியாது.

'சைவம்' என்று மட்டும் எழுதினால் போதாது. ஜப்பானிய சமையலில் காய்ந்த கட்சுவோ மீனில் எடுத்த தாஷி என்ற சாறு மிசோ சூப், வேகவைத்த காய்கறி, நூடுல்ஸ் குழம்பு என்று எதிலும் இருக்கலாம். கண்ணுக்கு மீன் தெரியாததால் சமைப்பவரே அதைச் சைவம் என்று நினைத்துவிடுவதுண்டு. அதனால் எது கூடாது என்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: மாடு, பன்றி, கோழி, மீன், மீன் தாஷி, ஜெலட்டின். ஹலால் பார்ப்பவர்கள் சமையலில் சேர்க்கும் சாக்கே, மிரின் என்ற அரிசி மதுக்களும் கூடாது என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். அப்புறம் எது கூடும் என்பதையும் எழுதுங்கள். சோறு, முட்டை, தோஃபு, காய்கறி, பால் என்று பட்டியல் கிடைத்தால் விடுதிக்காரர்களுக்கு வேலை எளிது. அவர்கள் உண்மையாகவே மெனக்கெட்டு ஏதாவது செய்து வைப்பார்கள்.

எவ்வளவு கண்டிப்பு என்பதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்துகொள்வது நல்லது. தாஷியை மட்டும் விட்டுக்கொடுத்து மீன் துண்டைத் தவிர்க்கிற சைவர்கள் உண்டு. துளியும் தொடமாட்டேன் என்கிறவர்களும் உண்டு. இரண்டில் எதுவானாலும் ஆசிரியரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 'பரவாயில்லை, எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன்' என்ற பதில்தான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. நீங்கள் பட்டினி கிடப்பது அவர்களுக்குத் தாங்காது.

ஊர் சுற்றும் நாளில் சொல்ல ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும்: 'நிகு தோ சகனா வா தபேராரேமாசென்.' இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது என்று பொருள். கொன்பினி என்ற சிறு பலசரக்குக் கடைகளில் உமேபோஷி என்ற உப்பு ஊறுகாய்க் காய் வைத்த சோற்று உருண்டை ஓரளவு பத்திரமானது. ஆனாலும் உறையில் இருக்கும் பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். கியோத்தோவாக இருந்தால் யுதோஃபு என்ற சூடான தோஃபு உணவு உண்டு. அதிலும் தாஷி பற்றிக் கேட்க வேண்டும். பையில் பருப்புப் பொடியோ, சிறிய ஊறுகாய்ப் பொட்டலமோ இருந்தால் வெறும் சோறும் இறங்கும். ஊறுகாயை இரண்டு பைகளுக்குள் கட்டுங்கள், மணம் பேருந்து முழுவதும் பரவிவிடும்.

ஹான்: உங்கள் குழு

வகுப்பை நாலு முதல் ஆறு பேர் கொண்ட ஹான்களாகப் பிரிப்பார்கள். சாப்பிடுவது, ஊர் சுற்றுவது, எண்ணிக்கை கொடுப்பது எல்லாம் இந்தக் குழுவாகத்தான். சில வகுப்புகளில் மாணவர்களே சேர்ந்துகொள்வார்கள், சிலவற்றில் சீட்டுக் குலுக்கல், சிலவற்றில் ஆசிரியர் பிரிப்பார். மாணவர்களே சேர்ந்துகொள்ளும் வகுப்பில் பரிமாற்ற மாணவர் கடைசியாகத் தனியே நிற்க நேரலாம். அதைத் தவிர்க்க எளிய வழி, அந்த வகுப்பு நேரத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே யாராவது ஒருவரிடம் 'உங்கள் ஹானில் நானும் சேரலாமா?' என்று கேட்டுவிடுவது. ஜப்பானிய மாணவர்கள் உங்களைக் கூப்பிடத் தயங்குவது பிடிக்காததால் அல்ல. இவருக்கு வேறு திட்டம் இருக்குமோ, ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்குமோ என்ற தயக்கம்தான். நீங்கள் கேட்டுவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

ஹானுக்குள் ஆளுக்கொரு பொறுப்பு உண்டு. குழுத் தலைவர், சாப்பாட்டுப் பொறுப்பாளர், காலையில் எல்லோருடைய உடல்நிலையையும் குறித்துக் கொடுக்கும் சுகாதாரப் பொறுப்பாளர், படம் எடுப்பவர், அறைப் பொறுப்பாளர். 'நீ வெளிநாட்டு மாணவர், சும்மா இரு' என்று பரிவோடு விட்டுவிடுவார்கள். அதை ஏற்காதீர்கள். ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். மொழி குறைவாகத் தெரிந்தவருக்குச் சுகாதாரப் பொறுப்பு மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். காலையில் ஒவ்வொருவரிடமும் போய் உடம்பு எப்படி, தூக்கம் வந்ததா, வெப்பநிலை எவ்வளவு என்று அதே மூன்று கேள்வியைக் கேட்க வேண்டும். பதிலைத் தாளில் எழுத வேண்டும். பேசுவதற்கு ஒரு காரணம் கையிலேயே இருக்கிறது. படம் எடுக்கும் பொறுப்பும் நல்லதுதான், ஆனால் அதில் ஆளை கேமராவுக்குப் பின்னால் ஒதுக்கிவிடும் அபாயம் உண்டு.

அப்புறம் ஷியோரி. பயணத்தின் ஒவ்வொரு நிமிடமும் அச்சிட்ட சிறு புத்தகம் அது: எத்தனை மணிக்கு எந்த வாசலில் கூட வேண்டும், எந்த அறையில் யார், எந்த வகுப்புக்கு எப்போது குளியல், என்ன கொண்டுவரக் கூடாது. பல பள்ளிகளில் அதன் அட்டைப் படத்தை மாணவர்களே வரைவார்கள். வரையத் தெரிந்தால் கட்டாயம் ஒரு படம் கொடுங்கள். கையில் வந்ததும் ஹோஸ்ட் குடும்பத்தில் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து முழுவதும் படித்து, உங்கள் பெயர் வரும் இடங்களையெல்லாம் கோடிடுங்கள். நேரங்களைத் தமிழில் ஓரத்தில் எழுதிக்கொண்டால் அவசரத்தில் கைகொடுக்கும்.

ஊர் சுற்றும் நாளின் திட்டம்

ஒரு நாளோ அரை நாளோ ஹான் தானாக ஊரைச் சுற்ற விடுவார்கள். அதற்கான திட்டத்தை முன்பே தாளில் எழுதி ஆசிரியரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் எந்தப் பேருந்து, கட்டணம் எவ்வளவு, மதியச் சாப்பாடு எங்கே, எல்லாமே வேண்டும். இந்தத் திட்டமிடும் வகுப்புகளில் வரைபடத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பேசுங்கள். ஒரே ஓர் இடத்தையாவது நீங்கள் முன்மொழிய வேண்டும்; அதற்கான காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தயாராக வாருங்கள்.

கியோத்தோவை வைத்துச் சொல்கிறேன். ஹான்கள் முதலில் போடும் பட்டியலில் ஐந்தாறு இடங்கள் இருக்கும்: கியோமிசு கோவில், தங்க மண்டபம், ஃபுஷிமி இனாரி, அராஷியாமா, கியோன். இவை ஊரின் வெவ்வேறு மூலையில் இருக்கின்றன. மூன்றுக்கு மேல் வைத்தால் நாள் முழுவதும் பேருந்தில்தான் போகும். இலையுதிர் காலத்தில் நகரப் பேருந்தில் நிற்க இடம் இருக்காது, நெரிசலில் நேரக் கணக்கும் தவறும். முடிந்தவரை ரயிலைப் பிடியுங்கள். கியோத்தோ நிலையத்திலிருந்து ஜேஆர் ரயில் நிறுவனத்தின் நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம் இனாரி. இறங்கினால் எதிரிலேயே கோவில் வாசல். அராஷியாமாவுக்கும் ஜேஆர் சாகானோ தடம் உண்டு, சுமார் கால் மணி நேரம். பழைய வழிகாட்டி நூல்களில் பார்க்கும் ஒருநாள் பேருந்து அட்டை 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இப்போது இருப்பது சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த ஒருநாள் அட்டை.

கியோமிசு கோவிலின் மரமேடை சுமார் 13 மீட்டர் உயரம். இப்போதைய கட்டடம் 1633இல் எழுந்தது. தங்க மண்டபம் 1950இல் தீக்கிரையாகி, 1955இல் மறுபடி கட்டப்பட்டது. இந்த மாதிரி விவரங்களை ஹானில் ஆளுக்கொரு இடமாகப் பிரித்துப் படித்து, அந்தந்த இடத்தில் மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லும் பள்ளிகள் உண்டு.

உங்கள் பங்குக்கு நாராவை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். தோதாய்ஜி கோவிலின் பெரிய புத்தர் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலச் சிலை. 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் ஜப்பானுக்கு வந்தவர். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்றே பழைய ஜப்பானியக் கல்வெட்டுரை அவரைக் குறிப்பிடுகிறது. கண்களை வரைந்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தூரிகை இன்னும் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. வகுப்புத் தோழர்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது. சிலையின் முன்னால் நின்று, தெரிந்த ஜப்பானிய மொழியில் நீங்கள் இதைச் சொன்னால் நிச்சயம் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

நாராவில் இன்னொன்று: மான்கள் காகிதத்தைத் தின்னும். ஷியோரியைக் கையில் பிடித்துக்கொண்டு அருகில் போகாதீர்கள். மான் ரொட்டி தீர்ந்ததும் இரு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினால் விலகிப் போய்விடும். இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் முரட்டுத்தனமாக இருக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

வழி தவறினால் ஹானை விட்டுப் பிரிந்து தேடப் போகக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, ஷியோரியில் இருக்கும் ஆசிரியர் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கைபேசியில் சார்ஜ் இல்லாவிட்டால் அருகில் உள்ள கோபான் என்ற காவல் சாவடியில் 'மிச்சி நி மயோயிமாஷ்தா' என்றால் புரிந்துகொள்வார்கள்.

மூட்டை கட்டுவது

பெரிய பெட்டியை ஓரிரு நாள் முன்பே பள்ளியில் வாங்கி, பார்சல் சேவையில் நேராக விடுதிக்கு அனுப்பிவிடும் வழக்கம் பரவலாக உண்டு. ஆகவே முதல் நாளுக்கு வேண்டிய மருந்து, பணம், வசிப்பிட அட்டை, மழைக்கோட்டு, எழுதுபொருள் எல்லாம் தோள்பையில் இருக்க வேண்டும். சீருடையில்தான் போகிறீர்களா, சொந்த உடையிலா என்பதை ஷியோரி சொல்லும். எதுவானாலும் பழகிய காலணி போடுங்கள், புதுசு வேண்டாம்.

பேருந்தில் குமட்டல் வருகிறவர்கள், மாதவிடாய் வலி உள்ளவர்கள் தங்கள் மாத்திரையைத் தாங்களே கொண்டுபோக வேண்டும். உடன் வரும் பள்ளிச் செவிலியர் கட்டுப் போடுவார், படுக்க வைப்பார், மருத்துவமனைக்கும் அழைத்துப் போவார். ஆனால் பொதுவாக மாத்திரை தரமாட்டார். ஊரிலிருந்து கொண்டுபோகும் சில சளி, இருமல் மருந்துகள் ஜப்பானில் தடை செய்யப்பட்டவை என்பதையும் கவனியுங்கள். விமானத்தில் போகும் சுற்றுலாவானால் பவர் பேங்கைப் பெட்டியில் போடக் கூடாது. 2025 ஜூலை முதல் தலைக்கு மேலுள்ள அடுக்கிலும் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள்.

செலவுப் பணத்துக்குப் பள்ளி ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். அதை மீறாதீர்கள். பத்தாயிரம் யென் தாளாக இல்லாமல் ஆயிரம் யென் தாள்களாகவும் சில்லறையாகவும் வைத்துக்கொண்டால் ஹானில் பங்கு போட வசதி.

கிளம்பும் நாள்

சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வரிசையில் இருப்பதுதான் சரியான நேரம். வரிசை எண் முறைப்படி உட்கார வைப்பார்கள், ஹான் தலைவர் தன் குழுவை எண்ணி வகுப்புத் தலைவரிடம் சொல்வார், அவர் ஆசிரியரிடம். தென்கோ என்ற இந்த எண்ணிக்கை ஒவ்வொரு இடத்திலும் நடக்கும். கழிப்பறைக்குப் போனாலும் ஹானில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் ஒருவருக்காக இருநூறு பேர் நிற்க வேண்டி வரலாம்.

ஷின்கான்சென் இடையில் உள்ள நிலையங்களில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் ஒரு வகுப்பு முழுக்க ஏறி, இறங்கியாக வேண்டும். எந்தக் கதவு, யாருக்குப் பின்னால் யார் என்று முன்பே பழக்குவார்கள், கவனமாகக் கேளுங்கள். தோக்கியோவிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு ஃபூஜி மலை வலப்பக்கம் தெரியும்.

ஹிரோஷிமா

போவது ஹிரோஷிமாவானால் சில வாரங்களுக்கு முன்பே வகுப்பில் வண்ணக் காகிதம் வந்துவிடும். ஆயிரம் கொக்குகளை மடித்து நூலில் கோத்து எடுத்துப்போவது வழக்கம். நாற்பது கொக்குகள் ஒரு சரம், அப்படி இருபத்தைந்து சரம். மதிய இடைவேளையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு மடிப்பார்கள். காகிதத்தை மூலைக்கு மூலை வைத்து, நகத்தால் கோட்டை அழுத்தித் தேய்த்து, கழுத்தை உள்பக்கமாக மடக்கித் தலையைக் கிள்ள வேண்டும். நகத்தால் தேய்க்கும் அந்த அழுத்தம் குறைந்தால் சிறகு உப்பிக்கொண்டு நிற்கும், சரத்தில் அடுக்க முடியாது. தெரியாது என்றால் பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்லித் தருவார். மாதக்கணக்கில் உங்களோடு பேசாதவர்கூட இந்த மேசையில் பேசுவார். கைகள் வேலையாக இருப்பதால் பேச்சின் தடுமாற்றம் பெரிதாகத் தெரியாது. ஒரு நாளையும் விடாமல் போய் உட்காருங்கள்.

இந்தக் கொக்குகள் போய்ச் சேரும் இடம் அமைதிப் பூங்காவில் உள்ள குழந்தைகள் நினைவுச் சின்னம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு அணுகுண்டு விழுந்தபோது ஹிரோஷிமாச் சிறுமி சசாக்கி சதாகோவுக்கு இரண்டு வயது. பின்னால் ரத்தப் புற்றுநோய் வந்து, மருத்துவமனையில் கொக்குகளை மடித்தபடி இருந்து, 1955 அக்டோபரில் 12 வயதில் இறந்துபோனாள். அவளுடைய வகுப்புத் தோழர்கள் தொடங்கிய முயற்சியில் நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளிடம் பணம் திரட்டி, 1958இல் அந்தச் சின்னம் எழுந்தது.

பூங்காவில் உள்ள அருங்காட்சியகம் மனத்தைக் கனக்க வைக்கும். கருகிய மதிய உணவுப் பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. உங்களைவிடச் சின்ன வயது மாணவன் ஒருவனுடையது. மூன்று வயதுக் குழந்தையின் முச்சக்கர வண்டி இருக்கிறது. கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டியிருக்கும், நின்று நிதானிக்க முடியாது. தாங்க முடியவில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து உட்காரலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்று மாலை பேருந்தில் யாரும் அதிகம் பேசாவிட்டால் நீங்களும் பேச்சை இழுக்க வேண்டாம்.

குண்டுவீச்சில் தப்பியவர் ஒருவரின் உரையைக் கேட்கும் வாய்ப்பும் பல பள்ளிகளுக்கு உண்டு. அவர்கள் வயதாகிவிட்டதால், அவர்களுடைய அனுபவத்தை அவர்களிடமே கற்று எடுத்துச் சொல்பவர்களை ஹிரோஷிமா நகரம் 2012 முதல் பயிற்றுவிக்கிறது. உரையின் முடிவில் கேள்வி கேட்கச் சொன்னால் வெளிநாட்டு மாணவரை நோக்கித் திரும்புவது நடக்கும். ஒரு கேள்வியை முன்பே எழுதி, வகுப்பாசிரியரிடம் காட்டித் திருத்தி வைத்திருங்கள்.

குளியல், இரவு

எனக்குத் தெரிந்து நம் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஆகவே விளக்கமாகவே சொல்கிறேன். விடுதியின் பொதுக் குளியலறை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. வகுப்புக்கு இருபது நிமிடம்போல நேரம் ஒதுக்குவார்கள். உடைமாற்றும் இடத்தில் கூடையில் எல்லா உடைகளையும் கழற்றி வைத்துவிட்டு, சின்னத் துண்டோடு உள்ளே போக வேண்டும். குளியல் உடைக்கு அனுமதி இல்லை. சுவரோரம் குட்டி முக்காலிகளும் குழாய்களும் இருக்கும். அங்கே உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தலையிலிருந்து கால்வரை குளித்து, நுரையில்லாமல் கழுவிய பிறகுதான் சூடான தொட்டியில் இறங்கலாம். நீளமான கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ளுங்கள். முடியோ துண்டோ தண்ணீரில் படக் கூடாது. வெளியே வருமுன் அதே துண்டால் உடம்பைத் துடைத்துவிட்டு வாருங்கள், தரை நனையாது. யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தலைமுடியைக் காயவைக்கும் அவசரத்தில்தான் எல்லோரும் இருப்பார்கள்.

மனம் ஒப்பவில்லை, அல்லது மதம் இடம் தரவில்லை, அல்லது மாதவிடாய் நாள் என்றால் முன்பே செவிலியரிடமோ வகுப்பாசிரியரிடமோ சொல்லுங்கள். அறையிலுள்ள சிறு குளியலறையையோ ஆசிரியர் அறையையோ பயன்படுத்த ஏற்பாடு செய்வார்கள். ஜப்பானிய மாணவர்களிலும் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கையில் மருதாணி இருந்தால் பச்சை குத்தியது என்று விடுதியார் நினைக்கக்கூடும். சுற்றுலாவுக்கு முன் போட வேண்டாம்.

தாதாமி பாய் விரித்த அறையானால் செருப்பை வாசலிலேயே விட வேண்டும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு, அதை அங்கேயே கழற்றி வையுங்கள். யுகாதா என்ற மெல்லிய அங்கி கொடுத்தால் இடப்பக்கத் துணி மேலே வரும்படி கட்டுங்கள். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு. ஐந்தாறு ஃபுத்தோன் மெத்தைகளை நெருக்கமாக விரித்துப் படுப்பார்கள். பத்து, பத்தரைக்கு விளக்கணைப்பு. ஆசிரியர்கள் தாழ்வாரத்தில் நடந்தபடி இருப்பார்கள்.

விளக்கணைத்த பிறகு தொடங்கும் பேச்சுதான் பலருக்கும் சுற்றுலாவில் மறக்காதது. யாருக்கு யாரைப் பிடிக்கும், அடுத்த ஆண்டு என்ன படிப்பது, வீட்டில் என்ன பிரச்சினை என்று இருட்டில் குசுகுசுவென்று ஓடும். பாதி புரியாது. தூங்குவதுபோல் திரும்பிப் படுக்காதீர்கள். புரியாத இடத்தில் கேளுங்கள், உங்கள் கதையையும் சொல்லுங்கள். காதல் பற்றிக் கேட்டால் சொல்ல விருப்பமில்லை என்று சிரித்துவிடலாம். தலையணை எறியும் விளையாட்டு தொடங்கினால் கண்ணாடி போட்டிருப்பவர்கள் முதலில் அதைக் கழற்றி வையுங்கள்.

வாங்குவதும் திரும்புவதும்

ஒமியாகே என்ற பயணப் பரிசு வாங்காமல் திரும்பக் கூடாது. ஹோஸ்ட் குடும்பத்துக்கு ஒரு பெட்டி, சேர்ந்திருக்கும் மன்றத்தில் சுற்றுலா வராத இளைய மாணவர்களுக்கு ஒரு பெட்டி, அமைப்பின் உள்ளூர்ப் பொறுப்பாளருக்குச் சின்னதாக ஒன்று. தனித்தனியாக உறையிட்ட இனிப்பு இருக்கும் பெட்டியாகப் பாருங்கள். கியோத்தோவில் யட்சுஹாஷி, ஹிரோஷிமாவில் மேப்பிள் இலை வடிவ மொமிஜி மஞ்ஜு. கடைசி நாள் ரயில் நிலையக் கடையில் நெரிசலில் வாங்குவதைவிட, ஹானோடு சுற்றும் நாளில் வாங்கிவிடுவது நிம்மதி. நம் ஊர் வீட்டுக்கு வாங்குவதானால் சீக்கிரம் கெடும் இனிப்பைத் தவிர்த்துக் கைத்துண்டோ கோவில் காப்புத் தாயத்தோ வாங்குங்கள்.

திரும்பிய மறுநாள் ஹோஸ்ட் குடும்பத்திடம் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து கதை சொல்லுங்கள், அவர்கள் காத்திருப்பார்கள். அந்த வாரத்திலேயே பள்ளியில் அறிக்கை எழுதும் வேலை வரும். பலரும் ஒரு பக்கச் செய்தித்தாள் மாதிரி வரைந்து செய்வார்கள். நுழைவுச் சீட்டு, பேருந்துச் சீட்டு, கடை ரசீது எதையும் எறியாமல் ஷியோரிக்குள் செருகி வைத்திருந்தால் ஒட்டுவதற்கு உதவும். எழுத்து பிழையாக இருந்தாலும் உங்கள் கையாலேயே எழுதுங்கள், ஹானில் ஒருவர் திருத்திக் கொடுப்பார்.

பயணம் முழுவதும் கூடவே வந்த புகைப்படக்காரர் எடுத்த படங்களைச் சில நாள் கழித்து எண் போட்டு, தாழ்வாரத்திலோ இணையத்திலோ பார்க்க வைப்பார்கள். வேண்டிய எண்களைக் குறித்து, பணத்தோடு உறையில் போட்டோ இணையம் வழியாகவோ கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் கடைசித் தேதி உண்டு, தாண்டினால் கிடைக்காது. வகுப்பு முழுவதும் நிற்கும் படத்தை இரண்டு பிரதி கேளுங்கள், ஒன்று ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு. நீங்கள் ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகுதான் படம் வரும் என்றால், எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதை உறையின் பின்னால் எழுதி, வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.